பன்னிரண்டாவது முத்திரை

ஆபீசில் எனக்கு இருந்த ஒரே தனித் திறமை மற்றவர்களுடைய கையெழுத்தைப் போடுவது. பெருமைக்காகச் சொல்லவில்லை. அப்போது அதில் வெட்கமும் இருந்ததில்லை. தொண்ணூறுகளின் நடுவில், தேனாம்பேட்டையில் அண்ணா சாலையைப் பார்த்த ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் எங்கள் பிரிவு இருந்தது. வருகைப் பதிவேடு பத்தேகால் வரை மேஜைமேல் கிடக்கும். பிறகு சூப்பரின்டெண்டென்ட் சிவப்பு மையால் கோடு இழுத்துவிடுவார். கே.கே. நகரிலிருந்து என்னை ஏற்றி வரும் பஸ் எப்படியோ பத்து மணிக்குள் கொண்டுவந்து தள்ளிவிடும். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு ஓடி வரும் பெண்கள், தாம்பரத்தில் ரயிலைக் கோட்டைவிட்டவர்கள், இவர்களுக்கெல்லாம் கையெழுத்துப் போடுவது என் பொறுப்பாகிவிட்டது. அடுத்த வீட்டுக்காரர் ஊரில் இல்லாதபோது பால் பாக்கெட்டை எடுத்து வைப்போமே, அந்த மாதிரி. பதிவேட்டை எடுத்துப் போக வரும் பியூன், "இன்னா சார், இன்னும் யார்னா பாக்கி கீதா?" என்று கேட்டுவிட்டு ஒரு நிமிஷம் நிற்பார். நான் இரண்டு மூன்று கையெழுத்துகளைப் போட்டுக் கொடுப்பேன்.

என் எதிர் மேஜைக்காரருக்கு மட்டும் இந்த உதவி தேவைப்பட்டதே இல்லை. அவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் இருந்த ஒரு சந்திலிருந்து சைக்கிளில் கிளம்பி ஒன்பதே முக்காலுக்கு வந்து உட்கார்ந்துவிடுவார். சின்ன வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தில் இடது கால் சூம்பியிருந்தது. நடக்கும்போது இடது கையால் தொடையைத் தாங்கிக்கொள்ள வேண்டும். சைக்கிளில் ஏறிவிட்டால் ஒன்றும் தெரியாது. வலது கால் மிதிக்கும், இடது கால் கூடப் போய் வரும். லிஃப்ட் ஓடாத நாட்களில் மூன்று மாடியையும் படியேறி வந்து, மூச்சு அடங்கும்வரை ஒரு கோப்பைப் பிரித்து வைத்துக்கொண்டு படிப்பதுபோல் பாவனை செய்வார்.

அப்படி ஒரு நாள், காபியை மேலேயே வாங்கி வந்து தரட்டுமா என்று நான் கேட்டேன். வேண்டாம் என்றார். சற்று நேரம் கழித்து அவராகவே சொன்னார்.

"ஸ்கூல்ல டிரில் பீரியட்னா என்னை மரத்தடியில உட்கார வெச்சுடுவா. வருஷக் கடைசியில மார்க் மட்டும் வந்துடும். ஓடாமலே பாஸ். காலேஜ்லயும் அப்படித்தான். அவ்வளவு ஏன்யா, கல்யாணத்துல சப்தபதி ஏழு அடி எடுத்து வைக்கணுமோன்னோ, வாத்தியார் மூணு அடியோட 'போறும், ஆயிடுத்து'ன்னுட்டார். ஒரு காரியமாவது முழுசாப் பண்ணணும்னு இருக்கு."

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார், ஆனால் அவர் சொன்னது வேடிக்கைக்காக இல்லை என்று தெரிந்தது. காபி குடிக்க இரண்டு பேரும் கீழே இறங்கிப் போனோம்.

சாயங்காலங்களில் அவர் பிரெஞ்சு வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தார். ஏன் சார் பிரெஞ்சு என்றால், "ஜெர்மன் கிளாஸ் மாடியில" என்பார். ஒரு ஜனவரியில் அந்த வகுப்புக்கு ஒரு பிரெஞ்சுத் தம்பதி வந்தார்கள். இருவரும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்கள், அறுபதைத் தாண்டியவர்கள். ஊர் சுற்ற வந்தவர்களுக்குக் காரும் வேண்டாம், பஸ்ஸும் வேண்டாம், மகாபலிபுரத்துக்கு சைக்கிளில் போக வேண்டுமாம். இவர் அழைத்துப் போவதாக ஒப்புக்கொண்டுவிட்டார். துணைக்கு என்னையும் இழுத்துவிட்டார்.

விடிவதற்குள் அடையாறு பாலத்தைத் தாண்டினோம். திருவான்மியூருக்கு அப்பால் அப்போது கடைகள் குறைவு, சவுக்குத் தோப்புகள் அதிகம். அந்த இரண்டு கிழடுகளும் மணி பார்க்காமல் மிதித்தார்கள், பழைய கல் எதையாவது பார்த்தால் இறங்கினார்கள். இவரும் கூடவே இறங்கினார். கோவளத்துக்குப் போவதற்குள் ஒன்பது இடத்தில் நின்றோம். எனக்கு வெயில் ஏறுகிறதே என்ற கவலை. இவர் முகத்தில் அப்படி எதுவும் இல்லை. புலிக்குகையின் முன்னால் உட்கார்ந்து இட்லி சாப்பிடும்போதுதான் அந்தம்மாள் தங்கள் ஊரைப் பற்றிச் சொன்னார். பர்கண்டியின் தெற்கு ஓரம், லுவார் நதிக்குப் பக்கம். சின்னச் சின்னக் கிராமங்கள், ஒவ்வொன்றிலும் எண்ணூறு, தொள்ளாயிரம் வருஷத்துக் கல் தேவாலயம். அவற்றில் பன்னிரண்டைத் தேர்ந்தெடுத்து அவர்களுடைய சைக்கிள் சங்கம் ஒவ்வொரு ஜூன் மாதமும் ஒரு சுற்று நடத்துகிறதாம்.

அவர்கள் ஊர் திரும்பிய பிறகு ஒரு கடிதமும் இரண்டு அட்டைகளும் தபாலில் வந்தன. மஞ்சள் அட்டையில் பன்னிரண்டு கட்டங்கள். தேவாலயத்துக்குச் சைக்கிளில் போய்ச் சேர வேண்டும், அதன் பக்கத்தில் இருக்கிற ஏதாவது கடையிலோ தபால் நிலையத்திலோ அந்த இடத்தின் முத்திரையைக் கட்டத்தில் வாங்க வேண்டும். நான்கு நாள் அவகாசம். நான்காம் நாள் பகல் பன்னிரண்டு மணிக்குள் அட்டையைச் சங்கத்தாரிடம் கொடுத்துவிட வேண்டும். பன்னிரண்டும் இருந்தால் ஒரு சின்ன வெண்கலப் பதக்கம், பதினொன்று என்றால் கைகுலுக்கல்.

அவர் அந்த அட்டையை என் மேஜையில் வைத்து விரலால் கட்டங்களை எண்ணிக் காட்டினார்.

"இதுல கன்செஷன் கிடையாது பார்த்தியா. எவன் மிதிச்சாலும் அதே பன்னெண்டு" என்றார்.

போகலாம் என்று அப்போதே தீர்மானித்துவிட்டார். டிக்கெட்டுக்கு என்ன செய்தோம், லீவுக்கு என்ன பொய் சொன்னோம் என்பதெல்லாம் சுவாரசியமில்லாத கதை. என்னை ஏன் கூட்டிப் போனார் என்பதை மட்டும் சொல்ல வேண்டும். அவர் மனைவி போட்ட நிபந்தனை அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை வீட்டுக்கு வரச் சொல்லி, அடை போட்டுக்கொண்டே சொன்னார்.

"நீங்க கூடப் போறதா இருந்தாத்தான் அனுப்புவேன். ஆத்துலயே மாடிப்படி ஏறினா ராத்திரி காலைப் பிடிச்சுண்டு உட்கார்ந்துண்டிருப்பார். எங்கிட்ட சொல்லமாட்டார். கஷ்டப்படாம பார்த்துக்கோங்கோ."

பார்த்துக்கொள்கிறேன் மாமி என்று வாக்குக் கொடுத்தேன். இரண்டு அடைகூட அதிகமாகச் சாப்பிட்டேன்.

பிறகு நான்கு மாதம் பயிற்சி. சென்னையில் மேடு என்றால் மேம்பாலம்தான். ஞாயிறு காலையில் கோடம்பாக்கம் பாலத்தை ஏறி இறங்கி, மறுபடி ஏறி இறங்குவோம். லாரிக்காரர்கள் எங்களைக் கிறுக்கர்கள் என்று நினைத்திருப்பார்கள். இரண்டு முறை பரங்கிமலை. அவர் சாலை வழியாக மேலே வரைக்கும் மிதித்தே போனார், நான் பாதியில் இறங்கித் தள்ளினேன். அந்த நாட்டு ஜூன் மாதக் குளிருக்காகத் தி. நகரில் ஸ்வெட்டர் தேடி அலைந்தோம். அக்னி நட்சத்திரத்தில் ஸ்வெட்டர் கேட்ட இரண்டு பேரைக் கடைக்காரர் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பரணிலிருந்து ஒரு குழந்தை ஸ்வெட்டரை இறக்கிக் காட்டினார்.

அந்தத் தம்பதியின் வீடு ஒரு கிராமத்தின் ஓரத்தில் இருந்தது. எங்களுக்காக இரண்டு சைக்கிள்களைத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்திருந்தார்கள். கியர் வைத்தவை. நாங்கள் இரண்டு பேரும் வாழ்க்கையில் கியரைத் தொட்டதில்லை. முதல் நாள் பூராவும் என் சைக்கிளின் சங்கிலி கடகடவென்று ஏதோ முறையிட்டுக்கொண்டே வந்தது. அதைவிடப் பெரிய தொல்லை, அங்கே சாலையில் வலது பக்கம் போக வேண்டும். எங்காவது நின்றுவிட்டுக் கிளம்பினால் என் சைக்கிள் தானாக இடது பக்கத்துக்குப் போய்விடும். ஒரு டிராக்டர்காரர் எனக்காக வண்டியையே நிறுத்திவிட்டு, நான் சாலையைக் கடந்து என் பக்கத்துக்குப் போகும்வரை பொறுமையாகக் காத்திருந்தார்.

நாட்டுப்புறம் அழகாகத்தான் இருந்தது. எனக்கு அழகு சீக்கிரம் சலித்துவிடும், அது என் குறை. வேலி போட்ட புல்வெளி, அதற்கடுத்து இன்னொரு வேலி போட்ட புல்வெளி, அவற்றில் பால் நிற மாடுகள். அவர் முதல் நாள் அந்த மாடுகளைப் பார்த்ததும் சைக்கிளை நிறுத்திவிட்டார். இப்படி ஒரு மாடு கபாலி கோவிலில்கூட இல்லை என்றார். எவ்வளவு பால் கறக்கும் என்று அந்தம்மாளைக் கேட்டார். இது பாலுக்கில்லை, இறைச்சிக்கு என்று அந்தம்மாள் சாதாரணமாகச் சொன்னார். இவர் மாட்டை இன்னொரு முறை பார்த்துவிட்டு மிதிக்க ஆரம்பித்தார். பகலில் ரொட்டியைப் பிட்டு, வீட்டிலிருந்து கொண்டுபோன புளிக்காய்ச்சலைத் தடவிச் சாப்பிட்டார். அந்தம்மாளின் கணவரும் ஒரு விள்ளல் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு நிறையத் தண்ணீர் குடித்தார்.

முதல் தேவாலயத்தின் வாசலிலேயே அவர் உட்கார்ந்து ஷூவைக் கழற்ற ஆரம்பித்தார். இடது ஷூ விசேஷமாகச் செய்தது. அடிப்பாகம் தடித்து, கணுக்காலுக்கு மேல் வரை கயிறு கட்டியது. கழற்ற ஐந்து நிமிஷம், போட்டுக்கொள்ளப் பத்து நிமிஷம். இங்கே அப்படி வழக்கமில்லை, ஷூவோடு போகலாம் என்று அந்தம்மாள் சொன்னார். அவர் தலையாட்டிவிட்டுக் கழற்றினார். வெறுங்காலுடன், ஜில்லென்ற கல் தரையில் தொடையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சுற்றி வந்தார். தூண்களின் உச்சியில் செதுக்கியிருந்த ஒவ்வொன்றையும் அண்ணாந்து பார்த்தார். சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வைத்திருந்தார். அதில் ஒரு பக்கத்துக்கு ஒரு கோவில் என்று எண் போட்டு, பார்த்ததை எழுதினார். 'மூன்றாவது: தூணில் இரண்டு பேர் தாடியைப் பிடித்து இழுத்துக்கொள்கிறார்கள். ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை.' இப்படி.

நான் ஒரு சுற்று சுற்றிவிட்டு வெளியே வந்துவிடுவேன். நான்கு கோவில் பார்த்த பிறகு எல்லாம் எனக்கு ஒன்றாகத் தெரிந்தன. எனக்குப் பிடித்தது முத்திரைதான். இத்தனை வருஷம் ரப்பர் ஸ்டாம்புக்கு நடுவில் வாழ்ந்தவன். ரொட்டிக் கடைக்காரரின் வட்ட முத்திரை, தபால் நிலையத்தின் தேதி முத்திரை, ஒரு மீன்பிடி சாமான் கடையின் முத்திரையில் மீனே இருந்தது. ஒரு கிராமத்தில் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டு ஐந்து. எல்லாக் கடையும் சாத்தியாகிவிட்டது, இனி இரண்டு மணிக்குத்தான் திறப்பார்கள். ஒரே ஒரு முத்திரைக்காக இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நம் ஊரில் என்றால் ஷட்டரைத் தட்டியிருப்பேன். அவர் அந்த இரண்டு மணி நேரத்தையும் கோவில் சுவரைப் பார்த்தே கழித்துவிட்டார்.

முதல் நாள் நான்கு, இரண்டாம் நாள் மூன்று, மூன்றாம் நாள் நான்கு. மூன்றாம் நாள் ராத்திரி படுக்கையில் அவர் வலது காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். இரண்டு காலின் வேலையையும் மூன்று நாளாக அது ஒன்றே செய்திருந்தது. தைலம் தேய்த்துவிடட்டுமா என்றேன். போய்த் தூங்குய்யா என்றார்.

நான்காம் நாள் மீதியிருந்தது ஒன்றுதான். ஆனால் அது மேட்டின் உச்சியில் இருந்தது. கீழே லுவார் நதி, மணல் திட்டுகளோடு அகலமாக, பாலாற்றில் தண்ணீர் வந்தால் எப்படியோ அப்படி. அதன் கரையிலிருந்து பார்த்தால் மலைமேல் மணிக்கூண்டு மட்டும் தெரியும். சாலை வளைந்து வளைந்து ஏறியது, இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அந்தத் தம்பதி மதிய விருந்துக்கு ஏற்பாடு செய்ய முன்னாலேயே போய்விட்டார்கள். நாங்கள் இரண்டு பேர் மட்டும் ஒன்பதரை மணிக்கு அடிவாரத்தை அடைந்தோம். அட்டையைக் கொடுக்க வேண்டிய ஊர் அங்கிருந்து பதினைந்து கிலோமீட்டர். பதினோரு மணிக்கு அங்கிருந்து கிளம்பினால் போதும். கணக்குச் சரியாக இருந்தது.

அடிவாரத்தில் இருந்த ஒரு வாதுமை மரத்தடியில் அவர் சைக்கிளைச் சாய்த்தார். வலது காலின் ஆடுசதை கல்லாக இறுகியிருந்தது. புல்லில் நீட்டிப் படுத்து, தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டார்.

"பத்து நிமிஷம். பத்து நிமிஷம் கழிச்சு எழுப்புய்யா, ஒரே மூச்சா ஏறிடலாம்."

"சரி சார்" என்றேன்.

உடனே தூங்கிவிட்டார். பத்து நிமிஷம் ஆயிற்று. எழுப்பவில்லை. வாயைத் திறந்தபடி அசந்து தூங்கினார். தூக்கத்திலும் ஒரு கை வலது தொடையைப் பிடித்திருந்தது. மாமிக்குக் கொடுத்த வாக்கு ஞாபகம் வந்தது. அவருடைய சைக்கிளின் முன்பையில் மஞ்சள் அட்டை பாதி வெளியே தெரிந்தது. பதினொரு கட்டம் நிரம்பி, ஒன்று காலி. நான் யோசித்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. பத்தேகாலுக்கு மேஜைமேல் கிடக்கும் பதிவேட்டைப் பார்த்து நான் என்றைக்கு யோசித்தேன். அட்டையை எடுத்து என் அட்டையோடு சேர்த்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சைக்கிளில் ஏறினேன்.

பாதிக்கு மேல் தள்ளிக்கொண்டுதான் போனேன். மேலே போய்ச் சேர அரைமணிக்கு மேல் பிடித்தது. கோவிலுக்கு எதிரில் ஒரு காபிக் கடை. கடைக்காரம்மாள் சரக்கு வண்டிக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார். காத்திருந்தேன். பிறகு வந்து, இரண்டு அட்டையா என்று விரலால் கேட்டார். கீழ்ப்பக்கம் கையைக் காட்டினேன். அந்தம்மாள் வேறு ஒன்றும் கேட்காமல் இரண்டிலும் முத்திரை குத்தினார். ஒரு காபி வாங்கிக் குடித்தேன். கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நதியைப் பார்த்தேன். வெயில் இதமாக இருந்தது, ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியும் இருந்தது. பிறகு பிரேக்கைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.

அவர் எழுந்து உட்கார்ந்திருந்தார். இரண்டு ஷூவும் இறுக்கிக் கட்டியாகிவிட்டது. சைக்கிள் சாலையில் தயாராக நின்றது. என்னைப் பார்த்ததும் முகம் தெளிந்தது.

"எங்கய்யா போனே? கார்டையும் காணோம், எங்கேயோ விழுந்துடுத்தோன்னு தேடிண்டிருந்தேன். மணி என்ன?"

பதினொன்று அடிக்க ஐந்து நிமிஷம் இருந்தது. நான் அட்டையை நீட்டினேன்.

"ரெண்டு பேருக்கும் சீல் போட்டாச்சு சார். நீங்க ஏற வேணாம்."

அவர் அட்டையை வாங்கிப் பார்த்தார். பன்னிரண்டாவது கட்டத்தில் நீல மையில் ஒரு காபிக் கோப்பையின் படம், அதைச் சுற்றி எழுத்துகள். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு சாலை முதல் வளைவில் திரும்பும் இடத்தைப் பார்த்தார்.

"எழுப்பச் சொன்னேனேய்யா" என்றார்.

குரல் ஏறவில்லை. ஏறியிருந்தால் நான் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். என்ன செய்துவிட்டேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் வாழ்க்கையில் டிரில் மாஸ்டரும் கல்யாண வாத்தியாரும் செய்ததைத்தான் நானும் செய்திருந்தேன். அதுவும் அவ்வளவு தூரம் விமானத்தில் கூட வந்து.

"இப்ப ஏறிடலாம் சார். ஒரு மணி நேரம் லேட்டாப் போனா யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க. நான் அந்தம்மாகிட்ட சொல்லிக்கிறேன்."

"சொல்லமாட்டா. எனக்குத் தெரியும்" என்றார். "அதுவும் அதேதான்யா."

சைக்கிளில் ஏறி, மேட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மிதிக்க ஆரம்பித்தார். பதினைந்து கிலோமீட்டரும் அவர் முன்னால் போனார், நான் பின்னால் போனேன். பாதியில் ஒரு இடத்தில் நான் இடது பக்கம் போய்விட்டேன். திரும்பிப் பார்க்காமலே, வலது கையைத் தூக்கி இந்தப் பக்கம் வா என்று காட்டினார்.

ஊர்க் கூடத்தில் நீள நீளமாக மேஜை போட்டிருந்தார்கள். அறுபது எழுபது பேர் இருப்பார்கள், பெரும்பாலும் நரைத்த தலைகள். சங்கத் தலைவர் ஓய்வுபெற்ற தபால்காரர். அட்டைகளை வாங்கி அடுக்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகப் பெயர் படித்தார். முதல் பெயரே இவருடையது. மரியாதைக்காக முதலில் வைத்திருந்தார்கள். அவர் தொடையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நடந்தபோதே கைதட்டல் ஆரம்பித்துவிட்டது. முன்னால் போய் நின்று, கையை உயர்த்தி அமர்த்தினார். சாயங்கால வகுப்பில் கற்ற பிரெஞ்சில், நிறுத்தி நிறுத்தி ஏதோ சொன்னார். நடுவில் பதினொன்று என்பதற்கான சொல் மட்டும் எனக்குப் புரிந்தது. நான்கு நாளில் எண்கள் பழகியிருந்தன.

என் பக்கத்தில் இருந்த அந்தம்மாள் ஆங்கிலத்தில் எனக்கு விளக்கினார். எனக்குப் பதினொன்றுதான், பன்னிரண்டாவதை நான் தூங்கும்போது என் நண்பர் வாங்கி வந்தார், ஆகவே எனக்குக் கைகுலுக்கல் போதும் என்கிறாராம்.

தலைவர் ஒரு கணம் விழித்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்து, இவர் தோளில் கை போட்டு, கூட்டத்தைப் பார்த்து ஏதோ சொன்னார். மொத்தக் கூடமும் எழுந்து நின்று தட்டியது. அந்தம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே எனக்குச் சொன்னார். அந்தக் காலை வைத்துக்கொண்டு பதினொன்று என்றால் அது பதினைந்துக்குச் சமம் என்று தலைவர் சொல்கிறார் என்று. பதக்கத்தை இவர் கழுத்தில் மாட்டினார்கள். இவர் மறுக்க வழியில்லாமல் நின்றார். சிரித்தபடிதான் நின்றார். ஆபீசில் மாடியேறி வந்து கோப்பைப் படிப்பதுபோல் உட்காரும்போது இருக்கும் முகம்.

திரும்பி வந்து உட்கார்ந்தார். பதக்கத்தைக் கழற்றித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். அவர் சட்டைப் பையிலிருந்து நோட்டுப் புத்தகத்தை எடுத்து, பன்னிரண்டு என்று ஏற்கெனவே எண் போட்டிருந்த பக்கத்தைப் பிரித்தார்.

"மேல இருந்த கோவில்ல என்ன இருந்தது? சொல்லு, எழுதிக்கறேன்."

அவர் நிஜமாகவே கேட்டார். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். தூணில் ஏதாவது இருந்தது என்று சொல்லிவிடலாம். சிங்கம், தேவதை, தாடிக்காரன், எதுவோ ஒன்று எல்லாக் கோவிலிலும் இருந்தது. அவரிடம் இன்னொரு தடவை அதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

"நான் உள்ள போகல சார்."

"வாசல்லேர்ந்து பார்த்தியோ?"

"இல்ல சார். சீல் வாங்கிட்டு, ஒரு காபி குடிச்சிட்டு இறங்கிட்டேன்."

அவர் பேனாவை மூடினார். நோட்டுப் புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்தார். ரொட்டியை ஒரு துண்டு பிட்டு எடுத்துக்கொண்டார்.

"அப்ப ஒனக்கும் பதினொண்ணுதான்யா" என்றார்.

முன்னால் என் பெயரைப் படித்தார்கள். உச்சரிக்கத் தெரியாமல் இரண்டு மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தார் தலைவர். நான் எழுந்திருக்கவில்லை.

"கூப்பிடறா பாரு. போய் வாங்கிக்கோ" என்றார் அவர்.

அவர் போய்ச் சொன்னதை நானும் போய்ச் சொல்லியிருக்கலாம். பிரெஞ்சு தெரியாது என்பதெல்லாம் சாக்கு. அட்டையில் ஒரு கட்டத்தைக் காட்டிக் கையை ஆட்டினால் யாருக்கும் புரிந்திருக்கும். நான் எழுந்து போனேன். குனிந்தேன். கழுத்தில் மாட்டிவிட்டார்கள். திரும்பியபோது கூட்டம் கை தட்டிக்கொண்டிருந்தது. ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டு அவரும் தட்டிக்கொண்டிருந்தார்.